தோற்ற பிறகு ஓர் ஆட்டம்

(அம்பத்தூரில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில், பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியர்களும் உள்ளூர்க் கால்பந்துப் பயிற்சியாளர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)

பேச்சு கொஞ்சம் கணக்கோடுதான் தொடங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 அக்டோபரில் தாய்லாந்தின் சோன்புரி நகரத்தில், 17 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று நடந்தது. இந்தியப் பையன்கள் மூன்று ஆட்டம் ஆடினார்கள். புருனேயை 13-0 என்று வென்றார்கள். துர்க்மெனிஸ்தானை 1-0 என்று வென்றார்கள். தாய்லாந்திடம் 2-3 என்று தோற்றார்கள். மொத்தம் அடித்த கோல் 16, வாங்கிய கோல் 3.

அதற்கு அடுத்த ஆண்டு, 2025 நவம்பரில், அகமதாபாத்தில் அடுத்த ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. பாலஸ்தீனத்தோடு 1-1 சமன். சீன தைபேக்கு எதிராக 3-1 வெற்றி. லெபனானிடம் 0-2 தோல்வி. ஈரானுக்கு எதிராக 2-1 வெற்றி. நான்கு ஆட்டத்தில் அடித்தது 6, வாங்கியது 5.

பதினாறு கோல் அடித்த அணிக்கு ஆசியக் கோப்பையில் இடம் கிடைக்கவில்லை. ஆறு கோல் அடித்து ஐந்து வாங்கிய அணி சவூதி அரேபியாவில் 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால், நம் பகுதிப் பிள்ளைகளுக்கு நாம் எதைக் கொடுக்காமல் இருக்கிறோம் என்பதும் புரியும். இன்று நான் பேச வந்தது அவ்வளவுதான்.

தகுதிச் சுற்றுக் குழு என்றால் நான்கிலிருந்து ஆறு நாடுகள் வரை. எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை ஆட வேண்டும். வென்றால் 3 புள்ளி, சமனுக்கு 1. ஒரே ஊரில், பத்து நாளைக்குள் முடிந்துவிடும். இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதி என்ன சொல்கிறது? முதலில் அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தில் யார் வென்றது என்று பார்க்கிறது. மொத்தக் கோல் வித்தியாசம் அதற்குப் பிறகுதான் வரும். மூன்று அணிகள் சமமாக நின்றால் அந்த மூன்றுக்கும் மட்டும் ஒரு சின்னப் பட்டியல் போட்டுப் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் சமமாக இருக்கும் இரண்டு அணிகள் கடைசி ஆட்டத்தில் ஒன்றோடொன்று மோதியிருந்தால், அந்த ஆட்டம் முடிந்த கையோடு பெனால்டி உதைகள் வைத்து யார் மேலே என்று தீர்மானிப்பார்கள். ஆக, எளிய அணியின் மீது கோலாக அடித்துக் குவிப்பது கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் வலுவான அணியை எதிர்த்து ஆடும் அந்த ஒரு ஆட்டம்தான் குழுவின் தலையெழுத்தை எழுதும். சோன்புரியில் அந்த ஆட்டம் தாய்லாந்தோடு ஆடிய ஆட்டம். 13-0 இந்தியாவைக் காப்பாற்றவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. சில பதிப்புகளில் குழுவின் இரண்டாமிட அணிகளில் சிறந்தவற்றுக்கும் இடம் கொடுப்பார்கள். அப்போது சில குழுக்களில் நான்கு அணி, சில குழுக்களில் ஐந்து அணி என்று இருந்தால் ஒப்பிடுவது எப்படி? ஐந்து அணிக் குழுவில் கடைசி இடம் பெற்ற அணியோடு ஆடிய ஆட்டத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்ப்பார்கள். நியாயமான விதி என்றே நினைக்கிறேன். சிறுவர் போட்டிகளில் பலம் குறைந்த நாட்டின் பிள்ளைகள் மேல் ஏறி மிதித்துத் தகுதி வாங்க முடியாது என்று அது சொல்கிறது.

குழு முறையில் சூது நுழைந்த காலமும் இருந்தது. 1982 உலகக் கோப்பையில், ஸ்பெயினின் ஹிகோன் நகரில், மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடின. ஜெர்மனி 1-0 என்று வென்றால் இருவரும் அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வெளியேறும் என்று இருவருக்குமே தெரியும். அல்ஜீரியா முந்தைய நாளே தன் ஆட்டங்களை முடித்துவிட்டிருந்தது. பத்து நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தது. மீதி நேரமெல்லாம் பந்தை இங்கும் அங்கும் உருட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகுதான் உலகக் கோப்பைக் குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்ற முறை வந்தது.

அகமதாபாத்துக்குத் திரும்புவோம். 2026 ஆசியக் கோப்பையில் 16 இடம். அதில் 9 இடம், 2025இல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பையில் ஆடிய ஆசிய நாடுகளுக்கு நேரடியாகப் போய்விட்டது. மிச்சம் 7 இடத்துக்கு 7 குழு. முதலிடத்துக்கு மட்டும் இடம், இரண்டாமிடம் வந்தால் வீட்டுக்குத்தான். இந்தியா இருந்த குழுவில் ஈரான், லெபனான், பாலஸ்தீனம், சீன தைபே. நவம்பர் 22 அன்று பாலஸ்தீனத்தோடு சமன். 24 அன்று ஓய்வு. 26 அன்று சீன தைபேயை வென்றார்கள். 28 அன்று லெபனானிடம் அடி. இப்போது 30ஆம் தேதி ஈரானை வென்றே ஆக வேண்டும். சமன் போதாது.

ஈரான் யார்? 2023 உலகக் கோப்பையில், இதே வயதுப் பிரிவில், பிரேசிலுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கியிருந்து 3-2 என்று வென்ற நாடு. ஆசியாவில் இந்த வயதுப் பிரிவில் எப்போதும் முன்வரிசையில் நிற்கும் நாடு. நமக்கும் அவர்களுக்கும் ஒரு பழைய உறவும் உண்டு. 1974இல் பாங்காக்கில் நடந்த ஆசிய இளைஞர் சாம்பியன்ஷிப் இறுதியில் இந்தியாவும் ஈரானும் 2-2 என்று முடித்துக் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. ஷபீர் அலி அன்றைய இந்தியத் தலைவர். இந்திய இளைஞர் கால்பந்து ஆசிய அளவில் வாங்கிய ஒரே பட்டம் அது. அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டு ஓடிவிட்டது.

30ஆம் தேதி இரவு ஈரான்தான் முதல் கோலை அடித்தது. இரண்டு நாள் முன்னால் தோற்ற அணி, ஐந்து நாளுக்குள் மூன்றாவது ஆட்டம், எதிரே இப்படி ஒரு நாடு, ஒரு கோல் பின்னால். பதினாறு வயதுப் பையன் இந்த இடத்தில் என்ன செய்வான்? பெரும்பாலும் தலை தொங்கிவிடும், கால் கனக்கும், பக்கத்தில் நிற்பவனைத் திட்டத் தொடங்குவான். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. முதல் பாதி முடியும் தருவாயில் டல்லல்முவோன் கங்தே பெனால்டியில் சமன் செய்தான். இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடத்தில் குன்லெய்பா வாங்கெய்ராக்பம் இரண்டாவது கோல். அதன் பிறகு ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஈரான் மோதிக்கொண்டே இருந்தது. பையன்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 7 புள்ளியோடு குழுவின் முதலிடம்.

அந்த இரவைப் பற்றி எழுதியவர்கள் பலரும் வீரம், நாட்டுப்பற்று என்றார்கள். இருக்கட்டும். எனக்கு அதில் தெரிந்தது பழக்கம். தோற்ற பிறகு திரும்பவும் களத்தில் இறங்கிய பழக்கம். இரண்டு மாதத்துக்கு முன்னால், 2025 செப்டம்பரில், இதே பையன்கள் கொழும்பில் தெற்காசிய 17 வயதுக்குட்பட்டோர் போட்டியில் ஆடியிருந்தார்கள். அந்த இறுதி ஆட்டத்தில் வங்கதேசத்தோடு 2-2 என்று முடிந்து, பெனால்டி உதைகளில் வென்றார்கள். கையில் இருந்த வெற்றி நழுவுவதையும், நழுவியதைப் பிறகு மீட்பதையும் ஏற்கெனவே அனுபவித்த பிள்ளைகள் அவர்கள்.

பயிற்சியாளர் பிபியானோ பெர்னாண்டஸ், கோவாக்காரர். அவர் பெயரை இங்கே சொல்லாமல் போக முடியாது. 2017இல் காத்மாண்டுவில் பாலஸ்தீனத்தையும் நேபாளத்தையும் வென்று, அப்போதைய ஆசிய சாம்பியனான ஈராக்கோடு 0-0 என்று நின்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற அணி அவருடையது. அந்த அணி 2018இல் மலேசியாவில் காலிறுதி வரை போய், தென்கொரியாவிடம் 0-1 என்று தோற்றது. அந்த ஒரு ஆட்டத்தை வென்றிருந்தால் உலகக் கோப்பை. 2019இல் தாஷ்கண்டில் துர்க்மெனிஸ்தானை 5-0, பஹ்ரைனை 5-0, சொந்த மண்ணில் ஆடிய உஸ்பெகிஸ்தானோடு 1-1 என்று குழுவின் முதலிடம் பெற்றதும் அவருடைய அணிதான். ஆனால் அந்த ஆசியக் கோப்பை நடக்கவே இல்லை. கொரோனாவால் தள்ளிப் போட்டு, 2021இல் ரத்து செய்துவிட்டார்கள். வயதுப் பிரிவுப் போட்டியில் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பது கிடையாது. அந்தப் பிள்ளைகள் வயது தாண்டிவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 2022இல் சவூதியில் மாலத்தீவு, குவைத், மியான்மர் மூன்று அணிகளையும் வென்று, சவூதியிடம் 1-2 என்று தோற்று, சிறந்த இரண்டாமிட அணிகளில் ஒன்றாகத் தகுதி பெற்றதும் அவர் பயிற்சியில்தான். ஒரே மனிதரிடம் மீண்டும் மீண்டும் ஒரு வேலையைக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இடையில் 2017இல் நம் நாட்டில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். கொலம்பியாவுக்கு எதிராக, பெங்களூருப் பையன் சஞ்சீவ் ஸ்டாலின் போட்ட கார்னரில் ஜீக்சன் சிங் தலையால் முட்டிய கோல், இந்தியா உலகக் கோப்பையில் அடித்த முதல் கோல். மறக்க முடியாததுதான். ஆனால் அங்கே நமக்கு இடம் கிடைத்தது போட்டியை நடத்தும் நாடு என்பதால். குழுவில் மூன்று ஆட்டமும் தோல்வி. டெல்லி, கொல்கத்தா, குவாஹாட்டி, கொச்சி, கோவா, நவி மும்பை என்று ஆறு ஊர்களில் நடந்தது. சென்னைக்கு ஒரு ஆட்டம்கூட வரவில்லை. அணியிலும் நம் மாநிலத்துப் பையன் இல்லை. நான் அதைவிட அகமதாபாத்தையும் காத்மாண்டுவையும் பெரிதாக மதிக்கிறேன். அங்கே வாசலைத் திறந்தது பிள்ளைகளின் கால்.

இனி நம் பக்கம் வருகிறேன்.

2011 கணக்கெடுப்பில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்று நகராட்சிகளின் மக்கள்தொகையைக் கூட்டினால் எட்டரை லட்சத்துக்கு மேல். அதே கணக்கெடுப்பில் மிசோரம் மாநிலம் முழுவதும் சுமார் 11 லட்சம். இன்றைக்கு நம் எண்ணிக்கை மிசோரத்தைத் தாண்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்த மிசோரம்தான் 2017இல் ஐஸ்வால் அணியை ஐ-லீக் சாம்பியனாக்கியது. தேசிய வயதுப் பிரிவு அணி எதை எடுத்தாலும் மிசோரம், மணிப்பூர்ப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அங்கே என்ன இருக்கிறது? மலை இருக்கிறது, சமதளமே குறைவு. நம்மைப் போல ஏக்கர் கணக்கில் தொழிற்சாலைக் குடியிருப்பு கிடையாது. ஆனால் 2018இலேயே ஐஸ்வாலில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு நவுபாங் லீக் என்று ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். லீக் என்கிற சொல்லைக் கவனித்துக் கேளுங்கள். வாராவாரம் ஆட்டம். இந்த வாரம் தோற்றால் அடுத்த வாரம் மறுபடி ஆட்டம்.

நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது? பொங்கலுக்கு ஒரு டோர்னமென்ட். யாரோ ஒருவர் நினைவாக ஒரு கோப்பை. குடியரசு தினத்துக்கு ஒன்று. எல்லாமே நாக்-அவுட். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆட்டம், இருபது நிமிடம், இருபது நிமிடம். தோற்றால் ஒன்பதே முக்காலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம். ஜெயித்தால் அடுத்த ஆட்டம். பதினாறு அணி வந்தால் எட்டு அணி ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகும். பள்ளிகளுக்குள் நடக்கும் குறுவட்டம், மாவட்டம், மண்டலம் என்ற வரிசையும் பெரும்பாலும் இப்படித்தான். தோற்ற பிள்ளைதான் அதிகம் கற்க வேண்டியவன். அவனைத்தான் முதலில் அனுப்பிவிடுகிறோம்.

அமைப்பாளர்களைக் குறை சொல்லவில்லை. கைக்காசு போட்டு, லைன் போட சுண்ணாம்பு வாங்கி, பிள்ளைகளுக்குக் குடிதண்ணீர் கேன் இறக்கி, ராத்திரி கோப்பையோடு படம் எடுத்து அனுப்பும் வரை ஓடுகிறவர்கள் அவர்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றால் நாக்-அவுட்தான் வழி. கிரவுண்டு ஒரு நாளைக்குத்தான் கிடைக்கிறது. அங்கேதான் முடிச்சு இருக்கிறது.

அந்த முடிச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். இந்தப் பகுதி ஆலைகளால் வளர்ந்தது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியது. 1955இல் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. சென்னைக் கால்பந்து லீக்கின் முதுகெலும்பே அரசு அலுவலகங்களும் ரயில்வேயும் வங்கிகளும் ஆலைகளும்தான். ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே, சுங்கத்துறை, இந்தியன் வங்கி என்று பெயர்களைச் சொன்னாலே மூத்தவர்கள் கண் பளிச்சிடும். நன்றாக ஆடினால் வேலை. வேலை கிடைத்தால் மாலையில் ஆட்டம். ஏராளமான குடும்பங்களை அந்த முறை நிமிர்த்தியது. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அந்த முறை 18 வயதுக்கு மேலே உள்ளவர்களுக்கானது. பத்து வயதிலிருந்து பதினாறு வரை பிள்ளை எங்கே, யாரோடு ஆடினான் என்று அது கேட்டதில்லை. தெருவும் ஏரிக்கரைப் பொட்டலும் அந்த வேலையை இலவசமாகச் செய்துகொண்டிருந்தன. இன்று பொட்டல் இல்லை, வீட்டு மனையாகிவிட்டது. விளையாட்டு வீரருக்கு வேலை தரும் இடங்களும் சுருங்கிவிட்டன. மிஞ்சியிருப்பது வாடகை டர்ஃப். பச்சை விரிப்பு, சுற்றிலும் வலை, இரவு விளக்கு, மணிக்கு வாடகை. ஐவர் ஐவராக ஆடும் அளவு. அதில் கால் வேகம் வரும், நல்லதுதான். ஆனால் முழு அளவு மைதானத்தில் நாற்பது மீட்டர் பாஸ் போடவும், பதினோரு பேர் வரிசை கலையாமல் பின்வாங்கவும் அங்கே கற்க முடியாது. காசில்லாத வீட்டுப் பிள்ளை அந்த வலைக்கு வெளியே நிற்கிறான்.

முழு அளவு மைதானம் நம்மிடம் இல்லையா? இருக்கிறது. பாதுகாப்புத் துறைக் குடியிருப்புகளுக்குள் இருக்கிறது. பெரிய பள்ளிகளுக்குள்ளும் கல்லூரிகளுக்குள்ளும் இருக்கிறது. பாதுகாப்புக் காரணம் உள்ள இடங்களைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் சனி, ஞாயிறு பூட்டிக் கிடக்கும் பள்ளி மைதானங்களைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசுவேன். ஒரு பள்ளி மைதானம் மாதத்தில் நான்கு சனிக்கிழமை காலை திறந்தால், எட்டு அணிகள் கொண்ட ஒரு சிறுவர் லீக்கை அங்கே நடத்திவிடலாம். எட்டு அணி என்றால் ஒவ்வொரு அணிக்கும் ஏழு ஆட்டம், மொத்தம் 28 ஆட்டம். ஒரு காலைக்கு நான்கு ஆட்டம் வைத்தால் ஏழு சனிக்கிழமையில் முடிந்துவிடும். எல்லா ஆட்டத்திலும் தோற்கிற அணியும் ஏழு முறை ஆடியிருக்கும்.

எந்த ஏழு சனிக்கிழமை? இதுவும் முக்கியம். நம் ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கொரட்டூர், அம்பத்தூர்ப் பக்கம் மைதானத்தில் தண்ணீர் நின்றால் வடிய நாள் எடுக்கும். மார்ச்சில் தேர்வு. ஏப்ரல், மே வெயிலில் பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை ஓடவிடுவது குற்றம். ஆக ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஒரு பருவம், ஜனவரி, பிப்ரவரி ஒரு பருவம். இரண்டையும் பயன்படுத்தினால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குப் பதினான்கு லீக் ஆட்டம். பன்னிரண்டு வயதில் தொடங்கினால் பதினாறு முடிவதற்குள் எழுபது ஆட்டம். அந்த எழுபதில் எத்தனை தோல்வி, எத்தனை சமன், எத்தனை முறை கடைசி நிமிடத்தில் கோல் வாங்கியது! அகமதாபாத்தில் பின்தங்கிய நிலையிலிருந்து எழுந்த பையன்களுக்கு இதுதான் சொத்து.

மாவட்டக் கோடு ஒரு தடை. 2018இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் நிற்கின்றன. பக்கத்துப் பக்கத்து நிறுத்தத்தில் ரயில் ஏறும் பிள்ளைகள் இரண்டு மாவட்ட அணிகளுக்குத் தேர்வு போகிறார்கள். சங்கங்களின் பதிவுக்கு அந்தக் கோடு இருக்கட்டும். சனிக்கிழமை லீக்குக்கு அது தேவையில்லை. திருமுல்லைவாயல் அணியும் முகப்பேர் அணியும் ஆடுவதை எந்த அரசாணையும் தடுக்கவில்லை.

இப்போது கொஞ்சம் கசப்பான ஒன்று. வயது. ஆசியக் கூட்டமைப்பின் 17 வயதுக்குட்பட்டோர் போட்டியில் 2026 பதிப்புக்கு 2009 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள்தான் ஆடலாம். சான்றிதழை மட்டும் நம்ப மாட்டார்கள். மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுத்து எலும்பின் வளர்ச்சித் தட்டு முழுவதும் மூடிவிட்டதா என்று பார்ப்பார்கள். மூடியிருந்தால் ஆட முடியாது. நம் உள்ளூர்ப் போட்டிகளில் 14 வயதுக்குட்பட்டோர் அணியில் மீசை முளைத்த பையன்கள் நிற்பதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். கோப்பை கிடைக்கும். ஆனால் உண்மையிலேயே 13 வயதான ஒரு பிள்ளையின் இடத்தை அவன் எடுத்துக்கொள்கிறான். பிறகு உயரத்துக்குப் போகும்போது அந்தப் பெரிய பையனையும் மணிக்கட்டு காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு பிள்ளைகளும் வீண். பெற்றோர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: பிறப்புச் சான்றிதழில் கை வைக்காதீர்கள்.

சரியான வயதுக்குள்ளேயும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். பன்னிரண்டு வயதில் பதினோரு மாதம் பெரிய வித்தியாசம். தேர்வாளரின் கண் உயரமானவன் மேல் போய் விழும். உலகம் முழுக்க வயதுப் பிரிவு அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் கூடுதலாக இருப்பது பலரும் கண்டறிந்த விஷயம். ஒரே நாள் தேர்வில் டிசம்பர்ப் பிள்ளை தப்பிவிடுவான். பருவம் முழுக்க ஆடும் லீக்கில் அவன் பந்தை வாங்கும் விதம், இடம் பார்க்கும் விதம் எல்லாம் மெல்லத் தெரிய வரும். உடற்கல்வி ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். குள்ளமான பிள்ளையை வெளியே உட்கார வைக்கும் முன் அவன் பிறந்த மாதத்தை ஒருமுறை பாருங்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் உட்கார மாட்டேன். 2025 ஆகஸ்டில் யாங்கோனில் 20 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் அணி இந்தோனேசியாவோடு 0-0, துர்க்மெனிஸ்தானை 7-0, கடைசியில் சொந்த மண்ணில் ஆடிய மியான்மரை 1-0 என்று வென்று, இருபது ஆண்டுக்குப் பிறகு ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அக்டோபரில் பிஷ்கெக்கில் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் கிர்கிஸ் குடியரசையும் உஸ்பெகிஸ்தானையும் 2-1, 2-1 என்று வென்று அவர்களும் தகுதி பெற்றார்கள். ஒரே ஆண்டில் மூன்று வயதுப் பிரிவு அணி! தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இலும் 2023இலும் தேசிய சீனியர் சாம்பியன். மதுரையின் சேது எஃப்சி 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது. ஆக, முடியுமா என்ற கேள்விக்கு நம் மாநிலத்துப் பெண்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். நம் பகுதியில் கேட்க வேண்டியது சின்னச் சின்ன விஷயங்கள். மைதானத்தில் தாழ்ப்பாள் போடும் கழிப்பறை இருக்கிறதா? உடை மாற்ற ஓர் அறை? ஆட்டம் இருட்டுமுன் முடிகிறதா? பயிற்சிக்கு ஒரு பெண் துணைக்கு நிற்கிறாரா? இந்த நான்கும் இருந்தால் அம்மாக்கள் அனுப்புவார்கள். தனி அணி சேரும் வரை பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிரிவில் பெண்பிள்ளைகளையும் பையன்களையும் கலந்து ஆடவிடலாம். அந்த வயதில் பெண்பிள்ளைகள் பந்தைப் பறிப்பதில் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை.

நம் மாநிலம் ஏற்கெனவே ஆட்டக்காரர்களைக் கொடுத்திருக்கிறது. வடசென்னையிலிருந்து தன்பால் கணேஷ் இந்திய அணி வரை போனார். நந்தகுமார் சேகர் 2023இல் இந்தியச் சட்டை போட்டார். கன்னியாகுமரிக் கடற்கரையின் இரவிபுத்தன்துறை என்ற மீனவ ஊர் மைக்கேல் சூசைராஜைக் கொடுத்தது. இவர்கள் எல்லோரும் தங்கள் தெருவும் கடற்கரையும் சில நல்ல மனிதர்களும் இருந்ததால் வந்தவர்கள். அதிர்ஷ்டம் தப்பிய எத்தனையோ பேரை நாம் பெயர்கூடத் தெரியாமல் இழந்திருக்கிறோம். ஆவடியிலிருந்து புறநகர் ரயிலில் சென்ட்ரல் வந்து, நேரு விளையாட்டரங்கம் வரை நடந்து போய்த் தேர்வில் நின்று, மறுபடி யாரும் கூப்பிடாமல் திரும்பிய பிள்ளைகள் இந்த அவையிலேயே வளர்ந்த மனிதர்களாக உட்கார்ந்திருக்கக் கூடும். அவர்களில் சிலரைத்தான் நான் தேடுகிறேன்.

ஏனென்றால் லீக் நடத்த மைதானத்துக்கு அடுத்து தேவைப்படுவது நடுவர்கள். நடுவர் இல்லாமல் அணிப் பயிற்சியாளரே விசில் ஊதினால் மூன்றாவது வாரம் சண்டை, நான்காவது வாரம் அணி விலகல். ஆடி முடித்த முப்பது, நாற்பது வயதுக்காரர்கள்தான் இதற்குச் சரியான ஆட்கள். ஆட்டத்தின் மொழி தெரியும், பிள்ளைகள் மதிப்பார்கள். ஒரு சனிக்கிழமைக்கு நான்கு நடுவர், ஒருவருக்கு ஒருவர் மாற்று என்று எட்டுப் பேர் இருந்தால் பருவம் முழுக்க ஓட்டிவிடலாம்.

வரும் ஜூன் கடைசிச் சனிக்கிழமையைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். 13 வயதுக்குட்பட்டோர், எட்டு அணி, ஒன்பதுக்கு ஒன்பது பேர் ஆட்டம், 4ஆம் எண் பந்து. நுழைவுக் கட்டணம் வேண்டாம். சாம்பியனுக்குப் பெரிய கோப்பை வேண்டாம், அந்தக் காசில் அணிக்கொரு பந்து வாங்கலாம். புள்ளிப் பட்டியலை ஒவ்வொரு வாரமும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். சமப் புள்ளி வந்தால் ஆசியக் கூட்டமைப்பின் விதியையே வைத்துக்கொள்வோம், பிள்ளைகளுக்கு இப்போதே பழகட்டும். மைதானம் திறந்துவிடச் சம்மதிக்கும் பள்ளி நிர்வாகத்தினர் யாராவது இங்கே இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பேசுங்கள். நடுவராக வர விரும்புகிறவர்களுக்கு வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயரையும், எந்தச் சனிக்கிழமைகளில் வர முடியும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். பெண்கள் முதலில் எழுதுங்கள்.